முடிவு தெரிந்த பிறகு

பட்டியல் போடுவது விமரிசனம் ஆகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. ஒன்றை முதலாவது என்றும் இன்னொன்றைப் பதினொன்றாவது என்றும் சொல்லத் துணிந்துவிட்டால், ஏன் என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாமே ஒவ்வொரு விதத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நழுவிவிட முடியாது. ஆகவே 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரின் முதல் வருஷத்துக் கதைகளை வரிசைப்படுத்தப் போகிறேன். எல்லாவற்றையும் எழுதி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்கும் உத்தேசம் இல்லை. மேலே சிலவும், அடியில் சிலவும், நடுவில் நான் சண்டை போட விரும்பும் ஒன்றும் போதும்.

பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1959 அக்டோபர் 2ஆம் தேதி முதல் 1960 ஜூலை 1ஆம் தேதி வரையில் ஸி.பி.எஸ். டெலிவிஷனில் வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்த 36 கதைகள் இவை. விளம்பரங்களோடு சேர்த்து ஒவ்வொன்றும் அரை மணி. கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. பாத்திரங்களும் ஊரும் காலமும் வாரத்துக்கு வாரம் மாறும். எனவே தொடர் என்பதைவிடச் சிறுகதைத் தொகுதி என்பதே பொருத்தம். 36இல் 28ஐ எழுதியவர் ராட் ஸெர்லிங். மீதியில் பெரும்பாலானவற்றைச் சார்ல்ஸ் போமான்ட், ரிச்சர்ட் மதிஸன் என்ற இருவர் எழுதினார்கள். ஒரே வருஷத்தில் 28 கதை! கெடு வைத்து எழுதிப் பழகியவனுக்குத்தான் அந்த எண்ணின் பயங்கரம் புரியும்.

ஸெர்லிங் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1955இல் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனைக் கொன்றார்கள். விசாரணைக்கு வந்தவர்களை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அதை மனத்தில் வைத்து ஸெர்லிங் எழுதிய நாடகம் 1956இல் ஒளிபரப்பானபோது, ஊர் மாறி, கொலையுண்டவன் மாறி, கோபம் மட்டும் யார்மேல் என்று தெரியாமல் நின்றது. பணம் கொடுப்பவர்களுக்குத் தென்பகுதி வாடிக்கைக்காரர்களைப் பற்றிய பயம். ஆனால் வேற்றுக் கிரகத்தான் ஒருவன் வாயில் அதே வார்த்தையைப் போட்டால் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று ஸெர்லிங் கண்டுகொண்டார். விஞ்ஞானம் அவருக்கு ஒரு முகமூடி.

இந்தத் தொடருக்குப் புகழ் வாங்கித் தந்தது கடைசி நிமிஷத் திருப்பம். கீழே இருக்கும் கம்பளத்தைச் சட்டென்று உருவிவிடுவது. நம் வாரப் பத்திரிகைக் கதைகளிலும் அது ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த உத்திதான், நானும் உருவியிருக்கிறேன். அதில் குற்றமில்லை. ஆனால் முடிவு தெரிந்த பிறகு கதையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே 36ஐயும் ஒரு முறை பார்த்து முடித்து, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தேன். என் வரிசை அந்த இரண்டாவது முறையில் அமைந்தது.

முதல் இடம் 'வாக்கிங் டிஸ்டன்ஸ்'. 1959 அக்டோபர் 30ஆம் தேதி வந்த ஐந்தாவது கதை. மார்ட்டின் ஸ்லோன் என்பவனுக்கு வயது 36. நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். வேலையின் நெருக்கடி தாங்காமல் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பியவன், ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டுவிட்டு, ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் சொந்த ஊருக்கு நடந்து போகிறான். அங்கே பழைய கடையில் ஐஸ்கிரீம் ஸோடா இன்னும் பத்து சென்டுதான். கடைக்காரர் வில்ஸனைப் பற்றி, செத்துப் போன நல்ல மனிதர் என்று அவன் பேசிவிட்டுப் போகிறான். அவன் போன பின் கடைச் சிப்பந்தி மாடிக்குப் போய், தூங்கிக்கொண்டிருக்கும் வில்ஸனிடம் சாக்லேட் பாகு தீர்ந்துவிட்டது என்கிறான்.

அவ்வளவுதான். கதை ஆரம்பித்துச் சில நிமிஷங்களே ஆகியிருக்கின்றன. ஆச்சரியம் முழுவதையும் செலவு செய்தாகிவிட்டது. அவன் தன் பால்யத்துக்குள் வந்துவிட்டான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த மாடியறைக் காட்சியைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருப்பார்கள். ஸெர்லிங்கே, வேறொரு வாரமாக இருந்தால், ஒளித்து வைத்திருப்பார்.

பிறகு நடப்பது என்ன? அப்பா அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று அவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சிறு பையனாகிய தன்னையே துரத்துகிறான். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த நாட்களை அனுபவித்துக்கொள், இவை திரும்பி வரமாட்டா. பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகளிடம் சொல்லத் துடிக்கிற விஷயம். பையன் பயந்து ஓடி, ராட்டினத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். அந்தக் கணமே பெரியவனின் காலிலும் வலி. நல்ல வார்த்தை சொல்லப் போனவன் கொடுத்துவிட்டு வந்தது ஒரு நொண்டிக் கால். இதைவிடக் கொடிய ஹாஸ்யத்தை இந்த வருஷத்துத் திருப்பங்கள் எதிலும் நான் காணவில்லை. ஆனால் இது திருப்பம் என்றே தோன்றுவதில்லை.

அதன் பிறகு அப்பா வருகிறார். மார்ட்டின் கீழே போட்டுவிட்டுப் போன பர்ஸில் உள்ள நோட்டுகளின் வருஷத்தைப் பார்த்து நம்பிவிட்டார். அவர் திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. இங்கே உனக்கு இடமில்லை, ஒருவனுக்கு ஒரு கோடைதான் என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார். தானே பெற்ற பிள்ளையை, தன்னைவிட மூத்தவனைப் போல நிற்கிற பிள்ளையை, வெளியே அனுப்புகிற தகப்பன். பிராங்க் ஓவர்ட்டன் என்ற நடிகர் அந்தச் சில நிமிஷங்களில் குரலை உயர்த்தவே இல்லை. பெர்னார்ட் ஹெர்மனின் சங்கீதமும் அப்படியே. தந்தி வாத்தியங்கள் அழச் சொல்லாமல் கூடவே நடந்து வருகின்றன. மார்ட்டின் திரும்பி வரும்போது ஸோடா முப்பத்தைந்து சென்டு. ஒன்றரை மைலையும் நொண்டிக்கொண்டே நடக்கிறான். நியூயார்க் ராஜ்யத்தில் ஸெர்லிங் வளர்ந்த பிங்காம்டன் ஊரின் பூங்காவில் ஒரு ராட்டினம் உண்டு. தெரிந்த ராட்டினத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்; அது தெரிகிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதே வருஷத்தில் இரண்டு கதைகள் இருக்கின்றன. முந்தின வாரம் வந்த 'ஸிக்ஸ்டீன் மில்லிமீட்டர் ஷ்ரைன்' கதையில் வயதான நடிகை ஒருத்தி தன் பழைய படத்துக்குள்ளேயே போய்விடுகிறாள். 1960 மே மாதம் வந்த 'எ ஸ்டாப் அட் வில்லபி'யில் இன்னொரு விளம்பரக் கம்பெனிக்காரன், ரயிலில் தூங்கும்போது 1888ஆம் வருஷத்துக் கிராமம் ஒன்றைக் கனவு கண்டு, ஒரு நாள் அதில் இறங்கிவிடுகிறான். பனியில் பிணமாகக் கிடக்கிறான். அவனை ஏற்றிச் செல்லும் வண்டியில் சவ அடக்கக் கம்பெனியின் பெயர் வில்லபி. மூன்றும் ஒரே ஆசையைப் பற்றியவை. இரண்டில் ஆசை நிறைவேறுகிறது, ஒன்றில் மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டதுதான் நிற்கிறது. வில்லபிக்கு எட்டாவது இடம் தருகிறேன். அந்த வண்டியின் பெயர்ப் பலகை இல்லாமலிருந்தால் நான்காவது தந்திருப்பேன்.

இரண்டாவது 'தி லோன்லி'. கொலைக் குற்றத்துக்காக ஒரு சிறு கிரகத்தில் தனியாக விடப்பட்ட கைதி. சாமான் கொண்டு வரும் கப்பல் தலைவன் இரக்கப்பட்டு ஒரு பெட்டியை விட்டுச் செல்கிறான். அதில் பெண் உருவத்தில் ஓர் இயந்திரம், பெயர் அலீஷியா. முதலில் வெறுக்கிறான். பிறகு அவள் கண்ணீரைப் பார்த்த பின் வெறுக்க முடியவில்லை. ஒரு நாள் மன்னிப்பு வருகிறது. கப்பலில் ஆளுக்குப் பதினைந்து பவுண்டு சாமானுக்குத்தான் இடம். அலீஷியா சாமானா, ஆளா? தலைவன் துப்பாக்கியை எடுத்து அவள் முகத்தில் சுடுகிறான். உள்ளே கம்பிகள் தெரிகின்றன. இதில் மாயம் எதுவும் இல்லை, வெறும் நிறைக் கணக்கு. படம் எடுத்தது டெத் வேலி பாலைவனத்தில். அந்தச் சிறு கிரகத்தில் காற்றும் வெயிலும் எப்படி வந்தன என்று கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தைக் கொண்டு நானே கேட்பேன். ஆனால் கதை அதன்மேல் நிற்கவில்லை. எனக்குள்ள குறை வேறு: கைதி மிகச் சீக்கிரம் தலையை ஆட்டிவிடுகிறான். அவன் அந்த மணலை விட்டு நகர இன்னும் ஒரு நிமிஷமாவது வேண்டும்.

மூன்றாவது 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'. ஒரு தெருவில் மின்சாரம் போய்விடுகிறது. வேற்றுக் கிரகத்தார் முன்கூட்டியே மனித உருவில் ஒரு குடும்பத்தை அனுப்பியிருப்பார்கள் என்று, தான் படித்த கதையை ஒரு பையன் சொல்கிறான். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறது. யார் வீட்டுக் கார் தானாகக் கிளம்பிற்று, யார் ராத்திரியில் எழுந்து வானத்தைப் பார்த்தான் என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். அடுத்த தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவரப் போனவன், தகவலோடு இருட்டில் திரும்பி வருகையில், அண்டை வீட்டுக்காரனே அவனைச் சுட்டுவிடுகிறான். இது வரையில் அப்பழுக்கில்லை. அப்புறம் காமிரா குன்றின்மேல் ஏறுகிறது. அங்கே உண்மையாகவே வேற்றுக் கிரகத்தார் இருவர் நின்று, மனிதர்களை ஜயிப்பது எவ்வளவு சுலபம் என்று பேசிக்கொள்கிறார்கள். எதற்கு? அந்தக் குன்று காலியாக இருந்திருந்தால் பழி முழுவதும் தெருவின்மேல் விழுந்திருக்கும். இப்போது அதில் பாதியைச் சுமந்துகொண்டு போக யாரோ இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

நான்காவது 'தி ஆஃப்டர் அவர்ஸ்'. மேலே உள்ளவற்றில் இது ஒன்றுதான் திருப்பத்தையே விஷயமாகக் கொண்டது. கடைப் பொம்மைகள் முறை வைத்து மாதத்துக்கு ஒருத்தியாக மனிதர்களிடையே வாழ்ந்து திரும்புகின்றன. ஒருத்தி, தான் பொம்மை என்பதை மறந்துவிட்டாள். ஐந்தாவது 'தி பர்ப்பிள் டெஸ்டமென்ட்': 1945இல் பிலிப்பைன்ஸில், சாகப் போகிற சிப்பாய்களின் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் காணும் அதிகாரி. அதே பிலிப்பைன்ஸில் பாரசூட் படையில் சண்டை போட்டவர் ஸெர்லிங். ஆறாவது 'தி ஹிட்ச் ஹைக்கர்'. லூஸில் பிளெச்சரின் ரேடியோ நாடகத்திலிருந்து எடுத்தது. இதை இரண்டாம் முறை பார்க்கத்தான் வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டதற்குப் பதில் பிண வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று, டயர் மாற்ற வந்தவன் முதல் காட்சியிலேயே தமாஷாகச் சொல்லிவிடுகிறான்.

இனிச் சண்டை. எந்தப் பட்டியலிலும் முதல் மூன்றுக்குள் வந்துவிடுகிற 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' என் பட்டியலில் பதினொன்றாவது. வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாம். லின் வெனபிள் 1953இல் எழுதிய சிறுகதை இதற்கு மூலம். ஹென்றி பெமிஸ் பாங்கு குமாஸ்தா. தடித்த கண்ணாடி, எந்நேரமும் புஸ்தகம். மானேஜர் விரட்டுகிறார், மனைவி கவிதைப் புஸ்தகத்தின் பக்கங்களைக் கிறுக்கி நாசம் செய்கிறாள். பாங்கின் இரும்பு அறைக்குள் உட்கார்ந்து படிக்கும்போது ஹைட்ரஜன் குண்டு விழுகிறது. உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். நூல் நிலையத்துப் படிக்கட்டில் புஸ்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. கண்ணாடி விழுந்து உடைகிறது.

பர்ஜஸ் மெரிடித்தின் நடிப்பைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. ஆனால் இந்த மனிதன் செய்த குற்றம் என்ன? கொடுமை செய்த மனைவியும் மானேஜரும் ஒரு நொடியில், வலி தெரியாமல் போய்விட்டார்கள். படிக்க ஆசைப்பட்டவனுக்கு ஆயுள் தண்டனை! இரண்டாவது முறை பார்த்தபோது, முதல் காட்சியில் அந்தக் கண்ணாடியைக் கண்டதிலிருந்தே அது எப்போது உடையும் என்று காத்திருந்தேன். குழி தோண்டியவனோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பது போன்ற உணர்ச்சி. அதைவிடப் பெரிய ஆட்சேபம் அந்தக் குண்டு. 1959இல் அது கற்பனையல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேஜைக்கடியில் ஒளிந்துகொள்ளப் பழகிய காலம். அத்தனை ஜனங்களின் சாவைக் கதாசிரியர் எதற்காகப் பயன்படுத்துகிறார்? ஓர் அறையில் கூட்டத்தைக் காலி செய்து ஒருவனைப் படிக்க விடுவதற்காக. நமக்கு வரும் துக்கமும் ஒரு ஜோடிக் கண்ணாடிக்குத்தான். அப்படியானால் பதினொன்றாவது இடமாவது ஏன் என்றால், அதில் ஒரு காட்சி இருக்கிறது. பெமிஸ் புஸ்தகங்களைப் படிக்கட்டில் மாதவாரியாக அடுக்கிவைக்கிறான். இந்த மாதத்துக்கு இவை, அடுத்த மாதத்துக்கு அவை என்று. வாசகனுடைய பேராசையை அவ்வளவு அன்பாகக் காட்டிய வேறொரு காட்சி எனக்கு நினைவில்லை.

கீழ்க்கோடிக்கு வந்தால் அதிகம் பேச வேண்டியதில்லை. சூதாட்ட இயந்திரம் ஒரு மனிதனைத் துரத்தும் 'தி ஃபீவர்', இயந்திர ஆட்டக்காரன் பேஸ்பால் ஆடும் 'தி மைட்டி கேஸி', இரண்டும் சிரிப்பும் வராமல் பயமும் வராமல் போகின்றன. கேஸிக்கு 36ஆவது இடம். அதற்குச் சற்று மேலே 'ஐ ஷாட் ஆன் ஆரோ இன்ட்டு தி ஏர்'. வான யாத்திரிகர்கள் ஏதோ சிறு கிரகத்தில் விழுந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீருக்காகக் கொலை செய்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அது நெவாடா. மூச்சு விடக் காற்று, காலில் வழக்கமான கனம், தலைக்கு மேல் தெரிந்த சூரியன்! 'தி லோன்லி'யில் மன்னித்த பிழையை இங்கே மன்னிக்க முடியவில்லை, இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு பிழையின்மேல்தான் நிற்கிறது.

ஒன்பதாவது இடத்தில் பட்சபாதமாக ஒன்றை வைத்திருக்கிறேன். வருஷத்தின் கடைசிக் கதை, மதிஸன் எழுதிய 'எ வேர்ல்ட் ஆஃப் ஹிஸ் ஓன்'. நாடகாசிரியர் ஒருவர் பேச்சுப் பதியும் இயந்திரத்தில் ஒரு பாத்திரத்தை வர்ணித்தால் அந்தப் பாத்திரம் உயிரோடு வீட்டுக்குள் வந்து நிற்கும். அந்த நாடாவை நெருப்பில் போட்டால் மறைந்துவிடும். கதை முடிந்ததும், அதுவரை 35 கதைகளில் குரலாக மட்டும் வந்துகொண்டிருந்த ஸெர்லிங், முதல் தடவையாகக் கதைக்குள்ளேயே வந்து நின்று, இதெல்லாம் வெறும் கற்பனை என்று நம்மைச் சமாதானப்படுத்த ஆரம்பிக்கிறார். நாடகாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. 'ராட் ஸெர்லிங்' என்று பெயர் எழுதிய உறை ஒன்றை எடுத்து நெருப்பில் எறிகிறார். அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸெர்லிங் மறைந்துபோகிறார்.