பள்ளி: ஒரு சொல்லாய்வு

சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணையின் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வூர்ப் பெயரின் முதற்சொல்லைக் கண்டவுடன் ஆங்குச் சமணப் பள்ளியொன்று இருந்ததெனத் துணியத் தோன்றும். அத்துணிபு பொருந்துமா என்பது ஆராய்தற்பாலது.

பள்ளி என்னும் சொல் தமிழிற் படுக்கை, துறவோர் உறையுள், கல்விக்கூடம், சிற்றூர் எனப் பல பொருள் தரும். பள்ளியறை என்புழிப் படுக்கை. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலோ துறவோர் உறையுள். இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல் எனப்படும். மலையாளத்தார் கிறித்துவக் கோயிலையும் பள்ளி என்பர். கன்னடத்திற் பகரம் ஹகரமாக, ‘ஹள்ளி’ எனச் சிற்றூரைக் குறிக்கும். தெலுங்கில் ‘பல்லெ’ என்பதும் அதுவே. இவையனைத்தும் ஒருவேரின என்க.

வடமொழிப் ‘பல்லீ’ வேறு நிலையினது. அது சிற்றூரையும் குறிக்கும், சுவரில் ஊரும் பல்லியையும் குறிக்கும். வடமொழியை மட்டும் நோக்குவார் ஈண்டு ஒரு சொல்லே இருபொருள் தந்ததென மயங்குவர். தமிழிற் பள்ளியும் பல்லியும், கன்னடத்தில் ஹள்ளியும் ஹல்லியும் ளகர லகரங்களால் வேறுபட்டு நிற்றல் காண்க. ளகரம் லகரமாகிய இடத்து இருசொற்கள் ஓருருப் பெற்றன என்பதே பொருத்தம்.

ஆகவே, ஓசை ஒன்றானவழி வேர் ஒன்றாதல் வேண்டா; வேர் ஒன்றானவழியும் பொருள் ஒன்றாதல் வேண்டா. பள்ளிக்கரணையின் ‘பள்ளி’ சிற்றூரையும் சுட்டலாம், துறவோர் உறையுளையும் சுட்டலாம். கல்வெட்டோ தொல்பொருளோ துணைநில்லாதவழிப் பெயரொன்றையே கொண்டு சமய வரலாறு புனைதல் சொல்லாய்வு ஆகாது.