சரித்திர நாவலில் தன் காலில் நின்ற பெண்கள்

வல்லவரையன் வந்தியத்தேவன் என்று ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தான் என்பதற்கு முக்கியமான சாட்சி அவன் மனைவி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் தமக்கை குந்தவை கொடுத்த கொடைகளைப் பட்டியலிடும் கல்வெட்டு, அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிறது. அந்தச் சிறு குறிப்பைப் பிடித்துக்கொண்டு கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கினார், 1954 வரை வாரந்தோறும் எழுதினார். வாணர் குலத்து வாலிபனுக்குக் குதிரையும் குறும்பும் குடந்தை சோதிடர் வீட்டு வாசலில் ஓர் இளவரசியின் தரிசனமும் கிடைத்தன. கொடை கொடுத்த அம்மாளுக்குக் கதையில் என்ன கிடைத்தது?

குறைவாகக் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. பட்டமில்லாமல் ஆட்சி செய்கிறவள் கல்கியின் குந்தவை. தந்தை நோயில் படுத்திருக்கிறார், தமையன் காஞ்சியில், தம்பி ஈழத்தில், தஞ்சைக் கோட்டையோ பழுவேட்டரையர்கள் கையில். பழையாறையில் உட்கார்ந்தபடியே ஓலை அனுப்பி ஆளை நகர்த்துகிறாள். அயல் தேசத்து அரசனுக்கு மாலையிட்டுப் போய்விடாமல் சோழ நாட்டிலேயே தங்குவது என்பதும் அவள் எடுத்த முடிவுதான். ஐம்பதுகளின் தமிழ் வாசகிக்கு அது பெரிய விஷயம். மாப்பிள்ளை பார்ப்பதில் தன் விருப்பத்தை யாரும் கேட்காத வீட்டில் இருந்துகொண்டு, கல்யாணத்தையே அரசியல் முடிவாக்கிக்கொண்ட ஒருத்தியை வாராவாரம் படிப்பதில் தனி ருசி இருந்திருக்க வேண்டும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து, வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்த காலம் அது.

ஆனால் கல்லில் இருக்கும் குந்தவைக்கு இன்னொரு முகம் உண்டு. பெரிய கோயிலுக்குப் பொன்னும் நகையும் நிறை பார்த்துக் கொடுத்தவர் அவர். தந்தை சுந்தர சோழருக்கும் தாய் வானவன் மாதேவிக்கும் செப்புப் படிமங்கள் எடுத்து, அவற்றின் பூசைச் செலவுக்காக ஊர்ச் சபைகளிடம் முதல் போட்டு வைத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கணக்கு துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது. இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என மூன்று கோயில்கள் எடுத்தார். மூலதனம், வட்டி, மூன்று சமயத்துக்கும் சமமான அரவணைப்பு, இத்தனையும் கைவசம் வைத்திருந்த ஒரு பெண்மணி! கதையின் குந்தவை ஆதுரசாலைகள் அமைக்கிறாள்; ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, கணக்கை யார் பார்த்தார்கள் என்ற பக்கத்துக்குக் கல்கி போகவில்லை. அவருக்கு வேண்டியது சூழ்ச்சியும் காதலும். தமிழ்ச் சரித்திர நாவலின் பெரும் பரம்பரையை ஒரு சேரப் பார்க்கும்போது இந்த இடைவெளி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நாவலாசிரியர் பெண்ணுக்கு அறிவைத் தருகிறார், அழகைத் தாராளமாகத் தருகிறார். சொத்தையும் தொழிலையும் தரும்போது மட்டும் கை கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது.

விதிவிலக்கு அதே நாவலில் இருக்கிறது. கோடிக்கரைப் பூங்குழலிக்குத் தொழில் உண்டு: படகு. இரவில் சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பேய்களை வேடிக்கை பார்க்கிற பெண். வந்தியத்தேவனை ஈழத்துக்கு ஏற்றிப் போகும் வழியில் அவன் பயந்து கடலில் குதிக்க, அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டுப் படகோடு கட்டி வைக்கிறாள். பிறகு, புயலில் தத்தளிக்கும் இளவரசரையும் அவனையும் காப்பாற்றப் போகிறவளும் அவள்தான். இந்த அத்தியாயங்களில் வீரம் வாளில் இல்லை. காற்றின் திசை தெரிந்திருப்பதில், துடுப்பு பிடித்த கைப் பழக்கத்தில் இருக்கிறது. குந்தவையைவிடப் பூங்குழலியைப் பிடிக்கும் என்று சொல்கிற வாசகர்கள் ஏராளம் என்றால் அதற்கு இதுவே காரணம். கடைசியில் கல்கி அவளை, பின்னால் அரசனாகும் சேந்தன் அமுதனுக்குக் கட்டிவைத்து அரியணைப் பக்கம் கொண்டுபோய்விட்டார். கதைப் பின்னலுக்கு அது பொருந்துகிறது. படகுக்காரிக்குப் பொருந்துகிறதா என்பது வேறு வழக்கு.

அதே நாவலில் பழுவேட்டரையரின் மனைவியாக வரும் நந்தினி முழுக்கக் கற்பனை. குந்தவையின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்வது ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலிய ஆண்களைத்தான்; சதியின் நடுவில் ஒரு பெண்ணை வைத்தது கல்கி. எதிரியின் மனைவியாக வந்து அரண்மனையைக் கவிழ்க்கும் அழகி என்ற இந்த அச்சு, பின்னால் வந்தவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. சரித்திர நாவலென்றால் ஒரு நந்தினி வேண்டும் என்றே ஆகிவிட்டது. மூல நந்தினியிடம் இருந்த காயம், பிறப்பு பற்றிய குழப்பம், யாருக்குமே சொந்தமில்லாத தனிமை ஆகியவை நகல்களில் வரவில்லை. கண்ணும் கொண்டையும் மட்டும் வந்தன.

சாண்டில்யன் பள்ளி வேறு. குமுதத்தில் ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் தொடராக வந்தபோது வாசகர்கள் இதழுக்காகக் காத்துக் கிடந்தார்கள். புகார்க் கடற்கரையில் படைத்தலைவன் இளஞ்செழியனின் காலில் தட்டுப்படும் யவனப் பெண், தமிழ் மண்ணில் ஓர் ஆட்சியை அமைக்கும் கனவோடு வந்தவள். பேரரசுக் கனவு காணும் பெண்கள் நம் நாவலில் அபூர்வம். அந்த வகையில் சாண்டில்யனின் துணிச்சலை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் போர்த் திட்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியரின் கண் இடையிலும் மார்பிலும் இரண்டு பக்கம் உலாவிவிட்டு வருகிறது. வருணனையைத் தாண்டிக்கொண்டு கதையைப் படிக்கும் வித்தை அக்காலத்து வாசகிகளுக்குக் கைவந்திருந்தது போலும். கடற்போர், கோட்டை, காற்று என்று வந்துவிட்டால் அவரைப் போல் இழுத்துக்கொண்டு போகிறவர் இல்லை என்பதும் உண்மை.

அரு. ராமநாதனின் ‘வீரபாண்டியன் மனைவி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சோழ–பாண்டியப் பகையில் நடக்கும் கதை. தோற்ற அரசனின் பெண்களைச் சிறைபிடித்து, அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருப்பான வேளத்தில் சேர்த்ததைச் சோழர் மெய்க்கீர்த்திகள் பெருமையாகவே பேசுகின்றன. மற்ற நாவல்கள் வெற்றி முரசு கொட்டும் இடத்தில், அந்த முரசு யார் தலையில் விழுந்தது என்று கேட்கும் வாய்ப்பை இந்தக் களம் தருகிறது. சோழர் என்றாலே மெய்சிலிர்க்கும் வாசகர் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய புத்தகம்.

மதுரைக்கு வந்தால் ராணி மங்கம்மாள். 1689இல் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் இறந்தான். குழந்தையைப் பெற்ற பின் மருமகளும் இறந்தாள். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக மங்கம்மாள் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் நாட்டை ஆண்டார். முகலாயரின் தெற்கத்திப் படையெடுப்பு ஒரு பக்கம், தஞ்சை, திருவிதாங்கூர், மைசூர் என்று நாலா பக்கமும் தலைவலி. சாலைகள் போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரத்தைப் பார்க்காத வெளியூர்க்காரர் இல்லை. தென் மாவட்டங்களில் பழைய பாதைகளை இன்றும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள்.

இவ்வளவையும் ஊர்க் கதை எப்படி விளக்குகிறது? தூக்கக் கலக்கத்தில் ராணி இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அந்தப் பாவத்துக்குக் கழுவாயாகத்தான் சாலையும் சத்திரமுமாம். நாட்டுக்குச் சாலை வேண்டும் என்று ஒரு பெண் யோசித்தாள் என்பதைக் காட்டிலும், கை மாறி வெற்றிலை போட்டதற்குப் பயந்து போட்டாள் என்பது ஊருக்கு எளிதாக ஜீரணமானது. இத்துடன் தளவாய் அச்சையாவோடு சேர்த்துப் பேசிய வம்பு வேறு. நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’ அவரை அரசியல் தெரிந்த ஆட்சியாளராகவே மதித்து எழுதப்பட்டது. நா.பா.வின் பலம் கண்ணியம், பலவீனமும் அதுவே. பாத்திரங்கள் சில இடங்களில் பேசுவதை விட்டுச் சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுகின்றன. ஆனாலும் விதவை ஒருத்தி தர்பாரில் உட்கார்ந்து முடிவெடுப்பதைக் காதல் கதையின் துணையில்லாமல் சொல்ல முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அண்டை மொழிகளையும் எட்டிப் பார்த்துவிடலாம். மலையாளத்தில் சி.வி. ராமன் பிள்ளை 1891லேயே ‘மார்த்தாண்ட வர்மா’வில் சுபத்திரையைப் படைத்துவிட்டார். கணவன் கைவிட்டுப் போனவள், ஊர் அவதூறு பேசுகிறது, அவளோ தன் பாட்டுக்கு இளவரசரைக் காப்பாற்றும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். தலைப்பு அரசன் பெயரில் இருந்தாலும் வாசகர் மனத்தில் நிற்பது அவள்தான். தெலுங்கில் நோரி நரசிம்ம சாஸ்திரி காகதிய ருத்ரமதேவியை எழுதினார். ருத்ரதேவ மகாராஜா என்று ஆண் பெயரிலேயே கல்வெட்டில் வழங்கப்பட்ட அரசி. அவர் இறப்பைச் சொல்லும் சந்துபட்லா கல்வெட்டு 1289ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வங்கத்தில் மகாசுவேதா தேவி ஜான்சி ராணியைப் பற்றி 1956இல் எழுதிய முதல் புத்தகத்துக்காக அந்த வட்டாரத்துக்கே போய் நாட்டுப் பாடல்களையும் வாய்மொழிக் கதைகளையும் திரட்டினார்.

தமிழில் அந்த வழிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தோம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. ஆந்திர தேசத்திலிருந்து ஒரு குடும்பம் தப்பி ஓடிவந்த கதையை அதில் சொல்கிறவள் நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள். வாளும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு கிழவியின் வாய்க்குள் சரித்திரம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கேட்கிறவர்கள் அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருக்கிறார்கள். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டவை. புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேயின் மனைவி ழான் அவற்றில் வருகிற விதம் அலாதி: அதிகாரம் உண்டு, பேராசை உண்டு, நல்லவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுதந்திரமான பெண் என்றால் உத்தமியாகவும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையைப் பிரபஞ்சன் போடவில்லை. இது சின்ன விஷயமல்ல.

வீரமங்கை என்று மேடைக்கு மேடை பேசப்படும் வேலு நாச்சியார் விஷயத்தில் அந்த நிபந்தனை இன்னும் இறுக்கம். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்து, விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டவர். நடுவே கிடக்கும் எட்டு ஆண்டுகள்தான் நாவலாசிரியருக்குப் புதையல். கடன் வாங்கியிருக்க வேண்டும், கெஞ்சியிருக்க வேண்டும், மகள் வெள்ளச்சியை வளர்த்திருக்க வேண்டும், யாரை நம்புவது என்று தூங்காமல் கிடந்திருக்க வேண்டும். மேடை நாச்சியாரோ எப்போதும் குதிரையை விட்டு இறங்குவதில்லை. நாச்சியாரோடு சேர்த்துச் சொல்லப்படும் வீராங்கனை குயிலியின் கதைக்குச் சமகாலச் சான்று உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் எழுதுகிறவர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கற்பனை என்று சொல்லிவிட்டுக் கற்பனை செய்வதில் தப்பே இல்லை. கல்கி அப்படித்தான் செய்தார்.

இந்த வரிசையில் மிகக் குறைவாகப் பேசப்படுவது ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’. அரசியோ இளவரசியோ இல்லை; மணலூர் மணியம்மை. இளம் வயதில் விதவையான பிராமணப் பெண். தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, கீழத் தஞ்சையில் பண்ணையாள்களைத் திரட்டிச் சங்கம் கட்டியவர். காங்கிரஸில் தொடங்கிக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். சிறைக்குப் போனார். 1953இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்திருக்க மாட்டாத முடிவு. களத்துக்குப் போய் ஆள்களிடம் கேட்டு எழுதுவது ராஜம் கிருஷ்ணனின் வழக்கம். உப்பளத்துக்காரர்களைப் பற்றி எழுதியபோதும் அதைத்தான் செய்தார். அதனால் இந்த நாவலில் பெண்ணின் துணிச்சல் வசனமாக வருவதில்லை. கூலி எத்தனை மரக்கால், யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், அக்ரகாரத்திலிருந்து சேரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்ற விவரங்களில் வருகிறது. நடை எல்லா இடத்திலும் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. கல்கியின் வேகத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் குந்தவையிடம் நாம் தேடிய கணக்கு இங்கே இருக்கிறது.

எழுதப்படக் காத்திருக்கும் பொருளுக்கோ பஞ்சமே இல்லை. பெரிய கோயிலுக்காக ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய, கோயில் ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் தெரு வாரியாக, வீடு வாரியாகக் கல்லில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கு. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதுகூட உண்டு. மதுரைப் படையெடுப்பைப் பற்றி ‘மதுரா விஜயம்’ எழுதிய கங்காதேவி, போருக்குப் போன விஜயநகர இளவரசன் கம்பணனின் மனைவி. ஏட்டுச் சுவடி 1916இல்தான் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. தஞ்சை மராட்டியர் அவையில் இருந்த முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கில அரசு தடை போட்டது. 1947இல்தான் தடை நீங்கியது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு புத்தகம், எதிரில் போலீஸ். இதற்குமேல் ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துப் படகு அத்தியாயங்களைக் கையில் கொடுக்கலாம். அடுத்தது ‘கோபல்ல கிராமம்’. ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு பிரபஞ்சன். ராஜம் கிருஷ்ணனை நான்காவதாக எடுப்பவருக்கு, சரித்திர நாவல் என்றால் அரண்மனைதான் என்ற எண்ணம் அதற்குள் கரைந்திருக்கும். மணியம்மையின் கிராப்புத் தலையும் வேட்டியும் அப்போது வினோதமாகப் படாது. சாண்டில்யனை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.