முகம் படிக்கும் மென்பொருளும் ஒரு கனைப்பும்

பென்னாகரத்தில் உட்கார்ந்து பெங்களூரு வேலை பார்க்கிறேன். 2020 ஊரடங்குக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகல. போன மாதம் எங்க ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் புதுசா ஒரு வசதி சேர்த்தாங்க. முகத்தையும் குரலையும் வைத்து, யாருக்கு எவ்வளவு 'ஈடுபாடு' என்று மேனேஜருக்கு மதிப்பெண் காட்டும். அன்னிக்கு இங்க நல்ல மழை. நெட் இழுத்துச்சு, கேமராவை அணைச்சுட்டேன். முடிஞ்சதும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் டல்லா இருக்கீங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். டல்லா இருந்தது நான் இல்ல, லைன்.

முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லிவிடலாம் என்பது இந்த மென்பொருள்களின் அடிப்படை நம்பிக்கை. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு அதைப் பலமாக அசைத்துவிட்டது: புருவம் சுருங்கினால் கோபம் என்று அர்த்தமில்லை. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட், தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சிக் கணிப்பை எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்தில் இதற்குத் தடை. நம்ம 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆனா கணிப்பு தப்பு என்பது மட்டும் என் புகார் இல்ல. சரியாகவே கணித்தாலும் எனக்கு உறுத்தும்.

ஏன் என்று யோசித்தபோது கேம்பிரிட்ஜில் இருந்த ஜெராக்ஸ் யூரோபார்க் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. அங்கே அறைக்கு அறை கேமரா வைத்து 'ரேவ்' என்று ஒரு அமைப்பு நடத்தினார்கள். 1992-ல் கட்டுரையாக வந்தது. ஒருத்தர் உங்க அறையை எட்டிப் பார்க்கும்போது உங்களுக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். போகும்போது மூடுகிற சத்தம். யார் எட்டிப் பார்க்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

எங்க ஊர்ப் பெரியவங்க வாசல்ல நின்னு ஒரு கனைப்புக் கனைச்சுட்டு, "யாரு ஊட்ல?" என்று கேட்டுத்தான் உள்ளே வருவாங்க. அந்தக் கனைப்பில் வர்றவர் தன்னை முதலில் காட்டிக்கிறார். உள்ளே இருக்கிறவர் கண்ணைத் துடைச்சுக்கவோ சட்டையைப் போட்டுக்கவோ நேரம் கிடைக்குது. முப்பது வருஷத்துக்கு முந்தின அந்த ஆய்வகத்துக்குப் புரிஞ்ச இந்த மரியாதை, இன்றைய மதிப்பெண் பலகையில் இல்லை. அது கனைக்காமல் உள்ளே வருது.

தூரத்து வேலையில் தனிமை இல்லையென்று சொல்லமாட்டேன். சில நாள் பேச்சுத்துணை டீக்கடைக்காரர் மட்டும்தான். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு உணர்வைத் தருகிற கருவி வந்தால் முதல் ஆளாகப் போட்டுக்குவேன், இரண்டு பக்கமும் தெரிகிறதாக இருந்தால்.

என் மதிப்பெண்ணை எனக்கும் காட்டச் சொல்லி மெயில் போட்டேன். மேனேஜர் லாகினில் மட்டும்தான் தெரியுமாம்.