இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்

காலை எட்டு மணிக்குச் சுவா சூ காங் நிலையத்தில் ரயிலேறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். கதவு திறப்பதற்குள் முதுகுப்பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். பையில் மடிக்கணினி, தண்ணீர்ப் போத்தல், குடை, மதியச் சாப்பாடு. அதோடு ஒரு யுகுலேலேயும் சேர்ந்தால் பை பிதுங்குகிறது. ஜிப் பாதியில் நின்றுவிடுகிறது. மெலிந்த உடல் கொண்ட யுகுலேலேயைத் தேடுகிறவர்களில் பலர் இந்த நெரிசலுக்குள்ளிருந்துதான் புறப்படுகிறார்கள்.

தேடுவோரும் குறைவில்லை. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இசை வகுப்புகளிலேயே பல பிள்ளைகள் யுகுலேலேயைத் தொட்டுவிடுகிறார்கள். வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அதைக் கைவிட மனமில்லாதவர்கள், இலகு ரயிலில் புக்கிட் பாஞ்சாங் போய், அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா வரை அதைச் சுமந்து திரிய ஒரு வழி வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். மெலிந்த உடல் அதை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்பதை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யுகுலேலே பிறந்ததே ஒரு பயணத்தில்தான். 1879 ஆகஸ்டில் மதீராத் தீவிலிருந்து ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் கூலித் தொழிலாளர்களோடு ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த மரத்தச்சர்கள் மூவர், தங்கள் ஊர் ‘மஷேட்’ என்ற சிறு நரம்புக்கருவியின் சாயலில் ஹவாயில் செய்து விற்றது இன்றைய யுகுலேலேயின் மூதாதை. ஆக, கப்பல் மூட்டைக்குள் அடங்கும் அளவு இதற்குத் தொடக்கத்திலேயே உண்டு. ஏற்கெனவே சிறிதாக இருப்பதை இன்னும் இளைக்க வைத்தால் கிடைப்பது என்ன, போவது என்ன?

கிடைப்பது எளிதில் கணக்கிடக்கூடியது. சாதாரண கான்சர்ட் அளவு யுகுலேலேயின் உடல் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் ஆழம். மெலிந்த வகையில் அது ஏறத்தாழ 5. மடிக்கணினிக்கும் பையின் முதுகுப்பக்கத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு இறங்க அந்த இரண்டு சென்டிமீட்டர் உதவும். ஆனால் நீளம் அப்படியே 60 சென்டிமீட்டர்தான். கழுத்தும் தலைப்பகுதியும் ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். கூட்டத்தில் முதலில் இடிபடுவதும் அந்தத் தலைதான்.

போவதை அறிய ஆய்வகம் வேண்டாம். குழாயடியில் குடம் நிறையும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஒலி மேலேறும். யுகுலேலேயின் வயிறும் அப்படி ஒரு குடம். ஒலித்துளை மாறாமல் உள்ளிடம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், காற்றின் அதிர்வெண் ஏறத்தாழ 22 விழுக்காடு உயரும். சுரக்கணக்கில் அது மூன்றரை அரைச்சுரம். அதற்குக் கீழே உள்ள ஒலிகளுக்கு உடலின் துணை குறைந்துவிடுகிறது. துளையைச் சிறிதாக்கி இதை ஓரளவு ஈடுகட்டலாம். யுகுலேலே செய்யும் காலா நிறுவனத்தின் மெலிந்த பயண வகையில் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். எடை குறைந்த, விறைப்பான அந்த மரம் ஒலியைப் பளிச்சென்று முன்னே தள்ளுகிறது. தெளிவு கிடைக்கிறது, கனம் கிடைப்பதில்லை.

இந்த இழப்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. வழக்கமான சுதியில் யுகுலேலேயின் மிகத் தாழ்ந்த நரம்பு மூன்றாவதான சி, 262 ஹெர்ட்ஸ். நான்காவது நரம்பைத் தாழ்ந்த ஜி-யாக மாற்றிக்கொள்கிறவர்களுக்கு அது 196 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சினிமாப் பாட்டுகளின் மெட்டைத் தனியாக வாசிக்க விரும்பும் பலர் இரண்டாவது வழியைத்தான் நாடுகிறார்கள், கீழே கூடுதல் சுரங்கள் கிடைக்கும் என்பதால். மெலிந்த உடலில் அந்த நரம்பைக் கட்டினால் மற்ற மூன்றும் பேச, அது மட்டும் முனகும். தாழ்ந்த ஜி வேண்டும் என்பவர் மெலிந்த உடலைத் தவிர்ப்பதே நல்லது.

உடலின் ஒலியை மின்சாரத்திடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. கர்நாடக இசையில் அதற்கு ஒளிரும் சான்று யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). மாண்டலினின் இரட்டை நரம்புகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றை நரம்புகள் கொண்ட மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். உள்ளீடற்ற வயிற்றின் முழக்கத்தை இழந்தார்; கமகத்துக்கு வேண்டிய நீண்ட கார்வை கைக்கு வந்தது. அந்தப் பேரம் யுகுலேலேக்கு அவ்வளவு லாபமாக அமைவதில்லை. மாண்டலினின் எஃகு நரம்பைக் காந்தப் பிக்கப் உணரும். யுகுலேலேயின் நைலான் நரம்பை உணராது. பாலத்துக்கு அடியில் பியெசோ பிக்கப் பொருத்த வேண்டும், பிறகு ஒலிபெருக்கியும் வேண்டும். பையில் மிச்சம் பிடித்த இடத்தை அதுவே தின்றுவிடும்.

விமானம் என்று வந்துவிட்டால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சிக்கன வகுப்பில் கைப்பெட்டிக்கு 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 சென்டிமீட்டர். அரைக் கிலோ எடையுள்ள யுகுலேலேக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. அதைத் தனியாகக் கையில் கொண்டுபோனால் கைப்பெட்டிக்கான உரிமை போய்விடும் என்பதுதான் சிக்கல். பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டுமானால் நீளம்தான் தீர்ப்புச் சொல்லும். 53 சென்டிமீட்டர் நீளமுள்ள சோப்ரானோ அளவு யுகுலேலே, 55 சென்டிமீட்டர் பெட்டிக்குள் மூலைவிட்டமாகப் படுத்துக்கொள்ளும். மெலிந்த கான்சர்ட் எவ்வளவு இளைத்தாலும் அங்கே திணறும். பயணத்துக்கென்று விற்கப்படும் ஒரு கருவி, பயணத்தின் முதல் தடையில் எந்தச் சலுகையும் பெறுவதில்லை. விளம்பரங்கள் இந்த இடத்தை மெல்லக் கடந்துபோவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநீதி.

ஈரப்பதம் அடுத்த எதிரி. சிங்கப்பூரின் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல்; விமானத்துக்குள் அது 20-க்கும் கீழே இறங்கலாம். நாலு மணி நேரச் சென்னைப் பயணத்தில் மெல்லிய மரப்பலகை இந்த இரண்டையும் பார்த்துவிடுகிறது. வீட்டில் உப்பிய பலகை மேலே காய்ந்து சுருங்குகிறது. உடல் மெலிந்ததால் இதில் எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை. மரப் பலகையோடு பிளாஸ்டிக் முதுகு கொண்ட ‘ஃபிளீ’, முழுக்க பாலிகார்பனேட்டில் வார்த்த ‘அவுட்டோர் யுகுலேலே’ போன்றவை ஆழத்தைக் குறைக்காமலே இந்தப் பயத்தைக் குறைக்கின்றன. ஊர் ஊராகப் போகிறவருக்கு அவையே பொருத்தம். அவற்றில் நல்ல மரத்தின் இதம் கிடைக்காது என்பது உண்மை. அந்தக் குறையைச் சகித்துக்கொள்ளலாம், வெடித்த பலகையைச் சகிக்க முடியாது.

அப்படியானால் மெலிந்த உடலுக்கு வேலையே இல்லையா? உண்டு, வீட்டில். கனத்த தாழ்ஒலிகள்தான் சுவரை எளிதில் ஊடுருவும். அவற்றைத் தானாகவே குறைத்துக்கொண்ட கருவி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் நல்ல அண்டைவீட்டுக்காரர். அக்கம்பக்க இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 மணிவரை அமைதி நேரமாக இருக்கட்டும் என்று 2022-இல் பரிந்துரைத்தது. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து, ஒன்பதரைக்கு நரம்பைத் தொடுகிறவருக்கு அந்த அரைமணி நேரம் பெரிது. மெலிந்த உடலை நெஞ்சோடு சாய்த்தால் பின்பலகை சட்டையில் பதிந்து ஒலி இன்னும் அடங்குகிறது. பக்கத்து அறையில் பிள்ளை புரண்டு படுப்பதில்லை. அதே கருவியைக் கீழ்த்தளத்தில் தபேலாவோடு பத்துப் பேர் கூடிப் பாடும் இடத்துக்குக் கொண்டுபோனால், வாசிக்கிறவரின் காதுக்கே அது எட்டாது.

வாங்குவது என்று முடிவெடுத்தவர் பெனின்சுலா கடைத்தொகுதியின் இசைக்கடைகளுக்குப் போகும்போது, தினமும் வேலைக்குத் தூக்கிப்போகும் பையைச் சாமான்களோடு அப்படியே கொண்டுபோகட்டும். முதலில் மூன்றாவது நரம்பைத் திறந்தபடி மீட்டி, பின்பலகையை நெஞ்சில் அழுத்தியும் விலக்கியும் கேட்க வேண்டும். விலக்கும்போது மட்டும் சி நரம்பு உயிர்பெற்றால், பயணமெங்கும் கருவியை உடலிலிருந்து தள்ளிப் பிடித்தே வாசிக்க வேண்டியிருக்கும். பிறகு அதைப் பைக்குள் இறக்கி ஜிப்பை மூடிப் பார்க்கலாம். தலைப்பகுதி எத்தனை விரற்கடை வெளியே நிற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.