அமுதசுரபியும் பெயரற்ற மடையனும்

ஒருவன் செல்வனாகவும் இன்னொருவன் வறியனாகவும் பிறப்பதேன்? மஜ்ஜிம நிகாயத்தைச் சேர்ந்த சூளகம்மவிபங்க சுத்தத்தில் சுபன் என்னும் இளைஞன் புத்தரை நோக்கி இத்தகைய வினாவைத் தொடுக்கின்றான். முற்பிறப்பில் ஈந்தவன் செல்வனாகின்றான், ஈயாதவன் வறியனாகின்றான் என்பது அங்கே கிடைக்கும் விடைகளுள் ஒன்று. ஈகையை ஊக்கவெழுந்த விடை இதுவென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், இதனைத் திருப்பிப் படித்தால், பட்டினி கிடப்பவன் தன் பழைய உலோபத்துக்குத் தண்டம் இறுக்கின்றான் என்றாகிவிடுகின்றது. உடையவனின் உடைமைக்கு இதனினும் உறுதியான அரண் வேறுண்டோ?

தமிழில் இக்கொள்கையைக் காவியமாகக் கண்டவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலை முற்பிறப்பில் இலக்குமி. அவள் கணவன் இராகுலன். சாது சக்கரன் என்னும் முனிவனுக்கு அவர்கள் அளித்த உணவின் பயன், அவளது பிறவித்தொடரை அறுக்கும் எனக் காவியம் கூறுகின்றது. அதே காவியம் இன்னொரு விருந்தையும் காட்டுகின்றது. பிரமதருமன் என்னும் முனிவனுக்கு உணவு சமைக்க வந்த மடையன் கால் இடறி வீழ்கின்றான், மடைக்கலம் உடைகின்றது. முனிவனுக்குரிய வேளை தவறியதே என்று வெகுண்ட இராகுலன் அவனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். அப்பழியே மறுபிறப்பில் உதயகுமாரனாய் வந்தவனைக் காஞ்சனன் வாளுக்கு இரையாக்கியது.

சாத்தனார் கொலையை மூடி மறைக்கவில்லை. கொன்றவன் தானம் செய்தவன் என்பதற்காக அவனை விடுவிக்கவுமில்லை. அந்நேர்மையை நாம் போற்றவேண்டும். ஆயினும் கொல்லப்பட்டவனுக்குப் பெயரில்லை. அவன் மறுபிறப்பில் என்னவானான் என வினவுவாருமில்லை. புண்ணியக் கணக்கிலே கொடுத்தவன் பெயர் இருக்கின்றது. சோறாக்கிய கையின் உழைப்பு இல்லை.

ஆபுத்திரன் கதையோ வேறொரு திசையிற் செல்கின்றது. மதுரையிலே இரந்து பெற்ற சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டியபின் எஞ்சியதையே உண்டவன் அவன். சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் அவன் பசி தீர்ப்பதைக் கண்டு, தானப்பயனைத் தர இந்திரனே இறங்கி வருகின்றான். ஆபுத்திரன் விலா இற நகைக்கின்றான். தேவருலகின் இன்பம் தனக்கு வேண்டாம் என்கின்றான். பயன் கருதாத ஈகையின் உயர்ந்த சித்திரம் இது. சினந்த இந்திரன் பன்னீராண்டு வற்கடம் நீங்கப் பாண்டிநாட்டில் மழை பெய்விக்க, வயல் விளைந்தது. பாத்திரத்தை நாடுவார் இல்லாதொழிந்தனர். கொடையாளிக்கு அது தண்டனை, மக்களுக்கோ நல்வாழ்வு. பசித்தோரைத் தேடி அலைந்த ஆபுத்திரனின் துயரை உருக்கமாகப் பாடிய கவிஞர், தாம் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையையும் சொல்லிவிட்டார்: பாத்திரம் அன்றன்றைய பசியைத் தீர்த்தது, விளைச்சலே பசிக்கு முடிவு கட்டியது.

இவ்வுண்மை பௌத்த நூல்களுக்குப் புறம்பானதன்று. தீக நிகாயத்தின் கூடதந்த சுத்தம், உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் அரச ஊழியனுக்கு ஊதியமும் வழங்குவதே நாட்டின் குற்றங்களுக்கு மருந்தெனக் கூறுகின்றது. சக்கவத்தி சீகநாத சுத்தம், இல்லாதோர்க்குப் பொருள் வழங்க அரசன் தவறியமையால் வறுமை பெருகி, அதனின்று களவும் கொலையும் விளைந்தன என்கின்றது. இங்கே வறுமையின் வேர் முற்பிறப்பில் இல்லை. அரசின் செயலில் இருக்கின்றது. ஒரே மரபின் இருவேறு குரல்கள் இவை. எக்காலத்தும் ஆள்வோர் செவிக்கு இனித்தது முதற்குரலே.

உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தது முதல் அதனை அறநூலாகவே பயின்று வருகின்றோம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய அப்பெண்ணின் பெருமையை மாணவர்க்குச் சொல்வோம். அத்துடன், உடைந்த மடைக்கலத்தருகே வீழ்ந்து கிடக்கும் அம்மனிதனையும் அவர்களுக்குக் காட்டுவோம். அவன் ஏன் பெயரின்றிக் கிடக்கின்றான் என ஒரு மாணவன் கேட்பானாயின், காவியம் வகுப்பறையிலே உயிர்பெற்றுவிட்டது எனலாம்.