தெள்ளுப்பூச்சியின் சாட்சியம்

தெள்ளுப்பூச்சி ஒன்று முதலில் அவனைக் கடிக்கிறது, பிறகு அவளைக் கடிக்கிறது. அவளைத் தன் ஆசைக்கு இணங்கவைக்க முயன்றுகொண்டிருக்கும் அவன், அந்தப் பூச்சியையே சாட்சிக்கு அழைக்கிறான். இதன் வயிற்றில் நம் இருவர் ரத்தமும் கலந்துவிட்டது; அதில் உனக்குப் பாவமும் இல்லை, பழியும் இல்லை; பிறகு எனக்கு மட்டும் ஏன் மறுப்பு? ஜான் டன் (1572–1631) எழுதிய 27 வரிக் கவிதை இப்படித்தான் தொடங்குகிறது. டன் உயிரோடு இருந்தவரை அவருடைய காதல் கவிதைகள் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளாகவே நண்பர்களுக்குள் சுற்றின. அவர் இறந்து 2 ஆண்டு கழித்து, 1633-இல் தொகுப்பு அச்சேறியது. 1635 பதிப்பில் காதல் கவிதைகளின் வரிசையில் முதலிடம் இந்தத் தெள்ளுப்பூச்சிக்குத்தான்.

பூச்சியைக் காதல் கவிதைக்குள் கொண்டுவந்ததில் டன் முதல்வர் அல்லர். பிரான்சின் புவாத்தியே நகரில் 1579-இல் கத்ரீன் தே ரோஷ் என்ற பெண் கவிஞரின் மார்பில் ஒரு தெள்ளுப்பூச்சியைப் பார்த்துவிட்டு, அங்கே கூடியிருந்த வழக்கறிஞர்களும் அறிஞர்களும் அதைப் பாடித் தள்ளினார்கள். அந்தக் கவிதைகள் ஒரு தனி நூலாகவே வந்தன. அத்தகைய பாடல்களில் ஆண் அந்தப் பூச்சியைப் பார்த்து ஏங்குவான்: நான் எட்ட முடியாத இடத்தை நீ எட்டிவிட்டாயே என்று. டன் அந்த ஏக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அவர் கையில் பூச்சி ஒரு தடயப் பொருள். 1592-இல் லண்டனின் லிங்கன்ஸ் இன் சட்டப் பள்ளியில் சேர்ந்து, வாதம் பண்ணவும் எதிர்வாதம் பண்ணவும் பழகியவர் அவர். கூடலில் ரத்தமே ரத்தத்தோடு கலக்கிறது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த அன்றைய உடலியல் நம்பிக்கை. அதனால் அன்றைய வாசகருக்கு இந்த வாதத்தில் அறிவியலும் கொஞ்சம் இருந்தது.

நான் இந்தக் கவிதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது அவன் பேச்சுக்காக அல்ல. அந்தப் பெண் செய்யும் காரியத்துக்காக. அவளுக்கு ஒரு வரி வசனம்கூட நேராகக் கிடையாது. ஆனால் முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் நடுவில் அவள் பூச்சியை நசுக்கக் கை ஓங்கியிருக்கிறாள். அவன் பதறிப்போய், இது நம் மணக்கட்டில், நம் கோயில், இதைக் கொன்றால் மூன்று உயிர்க்கொலை என்று ஏற்றிக்கொண்டே போகிறான். மூன்றாம் பத்தி தொடங்கும்போது அவள் நகத்தில் ரத்தம். கொன்றுவிட்டாள். பூச்சி செத்ததால் உனக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை என்று அவள் சொன்னதாக அவன் வாயாலேயே தெரிகிறது. உடனே அவன் கட்சி மாறுகிறான்: பார்த்தாயா, ஒன்றும் குறையவில்லை, எனக்கு இணங்கினாலும் இவ்வளவுதான் குறையும். இதை அவனுடைய வெற்றியாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கட்டிய கோயிலை ஒரு நகத்தால் இடித்தவள் அவள். அதற்குப் பிறகு அவன் பேசுவதெல்லாம் சாட்சி போன பின்னும் வக்கீல் விடாமல் பேசும் பேச்சு. வரிகளுக்கு வெளியே அவளுக்கு இவ்வளவு இடம் விட்டிருப்பதுதான் டன்னின் நேர்மை.

டன்னின் உவமைகளை விசித்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. நம் கையில் இதைவிடக் கூர்மையான அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு வகைகளைச் சொல்கிறது. டன்னுக்கு முந்தைய ஆங்கிலக் காதல் பாட்டில் கண் சூரியன், உதடு பவளம், கழுத்து பனி. பெரும்பாலும் மெய்யும் உருவும்தான். டன் வினைக்கும் பயனுக்கும் போகிறார். தெள்ளுப்பூச்சி காதலைப் போல் தோன்றுவதில்லை. காதல் செய்வதாக அவன் சொல்வதை அது செய்துகாட்டுகிறது.

கவராயத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்குமே, அதேதான். பிரிவின்போது அழாதே என்று தேற்றும் கவிதை ஒன்றில் டன் இதைக் கொண்டுவருகிறார். 1611-இல் பிரான்சுக்குப் புறப்படும்போது மனைவி ஆனுக்காக எழுதியது என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன். ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. ஒரு கவராயத்தைத் தாளில் ஊன்றிப் பார்த்தால் கவிதை விளங்கும். முள் உள்ள கால் இடத்தை விட்டு அசைவதில்லை. ஆனால் பென்சில் கால் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு முள் காலும் அந்தப் பக்கம் சாய்கிறது. போன கால் திரும்பி வந்து சேரும்போது இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன. இதில் ஒரு பெண்ணின் உருவம் எங்கே இருக்கிறது? எங்குமில்லை. சாய்வதும் நிமிர்வதும்தான் இருக்கின்றன. அதே கவிதையில் தங்கத்தைத் தட்டித் தட்டி ரேக்காக்கும் வேலையும் வருகிறது: அறுபடாமல் விரிந்துகொண்டே போகும் உறவுக்கு.

இந்தத் தேற்றுதலுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1601 டிசம்பரில் டன் ஆன் மோரை ரகசியமாக மணந்தார். விஷயம் வெளியே வந்ததும் பெண்ணின் தந்தை அவரைச் சிறையில் தள்ள வைத்தார். செயலர் வேலையும் போயிற்று. பிறகு பல ஆண்டு வறுமை. பன்னிரண்டாவது பிரசவத்துக்குப் பின் 1617-இல் ஆன் இறந்தார். சரச வாதத்துக்குப் பழகிய அதே கை பிறகு கடவுளிடமும் திரும்பியது: தன்னை முற்றுகையிட்டு வலியக் கைப்பற்றும்படி டன்னின் பக்திக் கவிதை ஒன்று இறைவனை இறைஞ்சுகிறது.

எல்லா உவமையும் இப்படி மனதில் நிற்பதில்லை. படுக்கைக்குப் போகும் பெண்ணைப் பாடும் டன்னின் கவிதை ஒன்றுக்கு 1633 தொகுப்பில் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. அதில் அவள் உடல் புதிதாகக் கண்டெடுத்த அமெரிக்கா. அவன் அதன் அரசன், அது அவனுக்குச் சுரங்கம். ஸ்பெயினுக்கு எதிரான கடற்படையெடுப்புகளில் 1596-லும் 1597-லும் போனவர் டன். கப்பலேறிப் போய்க் கைப்பற்றுவது அந்தத் தலைமுறையின் மூச்சில் கலந்திருந்தது. அந்தக் கவிதையில் ஆடை களையும் அழகு உண்மையானது. ஆனால் காலனியாக ஆளப்பட்ட நாட்டிலிருந்து படிக்கும் எனக்கு அந்த 'சுரங்கம்' தொண்டையில் சிக்குகிறது. தெள்ளுப்பூச்சிக் கவிதையில் நகத்தை உயர்த்த அவளால் முடிந்தது. நிலமாகிவிட்டவளுக்குக் கை ஏது?

ஆண்ட்ரூ மார்வெல் (1621–1678) வேறு வழியில் போனார். கூச்சப்படும் காதலிக்கு அவர் சொல்லும் 46 வரிகளும் ஒரு தர்க்கப் படிக்கட்டு: காலம் நிறைய இருந்தால், ஆனால் இல்லை, ஆகவே. முதல் பகுதியில் அவள் கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்குவாள், அவன் ஹம்பர் ஆற்றங்கரையில் புலம்பிக்கொண்டிருப்பான். ஹம்பர் அவருடைய ஊர் ஆறு. அவர் தந்தை 1641-இல் அதில்தான் மூழ்கி இறந்தார். செடி வளர்வதுபோல் மெல்ல வளரும் காதல் என்கிறார். அது வெறும் காய்கறி வேடிக்கை அல்ல. தாவரம், விலங்கு, மனிதன் என்று உயிரைப் படிப்படியாகப் பிரித்த பழைய தத்துவத்தின் அடிப்படி அது. இரண்டாம் பகுதியில் திடீரென்று கல்லறை: அவள் காத்துவைத்த கன்னிமையைப் புழுக்கள் சோதிக்கும். வசியம் பண்ண வந்தவன் பிணத்தைக் காட்டுகிறான். இத்தனை கொடூரமான வரிகள் காதல் கவிதையில் அபூர்வம். அவை நம்மை விடாததற்குக் காரணம், அச்சம் அவளுடையது மட்டுமல்ல என்பது. காலத்தின் தேர்ச் சத்தம் முதலில் கேட்பது அவன் முதுகுக்குப் பின்னால்தான்.

அதே பாணியில் எழுதிய ஆபிரகாம் கௌலியின் காதல் தொகுப்பு (1647) அன்று பெரும் புகழ் பெற்றது. அதில் சாமர்த்தியம் இருக்கிறது. எதிரில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் இல்லை.

விமர்சகர்கள் இந்தப் பாணியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். மென்மையால் பெண் மனதைத் தொட வேண்டிய இடத்தில் டன் தத்துவத்தால் அதைக் குழப்புகிறார் என்று 1693-இல் கவிஞர் டிரைடன் குறைபட்டுக்கொண்டார். 'மெட்டாஃபிசிக்கல்', நம் வழக்கில் மீமெய்யியல், என்ற பெயருக்கு வித்து அந்தக் குறைதான். பெண்ணுக்குத் தத்துவம் எதற்கு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வாதம் செய்யும் கவிஞன் எதிரில் இருப்பவளைத் தீர்ப்பு சொல்லத் தகுந்தவளாக மதிக்கிறான் என்பதை டிரைடன் பார்க்கவில்லை. 1779-இல் சாமுவேல் ஜான்சன், ஒட்டாத பொருள்களை வலிந்து ஒரே நுகத்தில் பூட்டுவதாகக் கண்டித்தார். 1912-இல் ஆய்வறிஞர் கிரியர்சன் டன்னைப் புதிதாகப் பதிப்பித்தார். 1921-இல் அவருடைய தொகைநூலுக்கு மதிப்புரை எழுதிய டி.எஸ். எலியட், சிந்தனையையே புலனுணர்வாக அனுபவித்தவர்கள் இவர்கள் என்று காட்டினார். அதன் பிறகு பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் டன்னுக்கு இடம் உறுதியானது.

அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் கேதரின் பிலிப்ஸ் (1632–1664). வேல்ஸின் கார்டிகனில் வாழ்ந்து, 32 வயதில் அம்மையில் இறந்தவர். லுகேஷியா என்று தான் பெயரிட்ட தோழிக்கு எழுதிய கவிதையில் டன்னின் கவராயத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். ஊன்றிய கால் இங்கும் உண்டு, சுற்றும் கால் இங்கும் உண்டு. ஆனால் வீட்டில் இருப்பவள் எவள், போகிறவள் எவள் என்று அவர் சொல்லவில்லை. ஒருத்தி எந்தப் பக்கம் சாய்கிறாளோ மற்றவளும் அந்தப் பக்கம் சாய்கிறாள்.