கச்சான் காலத்தில் டொல்பின் வான்

திருகோணமலைக் கரையில் பாறை ஏறப் போகிறவருக்கு ஒரு நாளில் கிடைப்பது ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். விடிய ஐந்தரைக்கு வெளிச்சம் பிறக்கும். எட்டரைக்கெல்லாம் கல் சூடேறி, விரல் நுனி வியர்த்து, பூசிய சோக் தூள் பசையாகிவிடும். பின்னேரம் வெயில் தாழ்ந்தாலும் பாறை ஆறாது. பகல் முழுக்கக் குடித்த சூட்டைப் பொழுதுபட்ட பிறகும் கக்கிக்கொண்டே இருக்கும். பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கி, எழும்பித் தேத்தண்ணி குடித்து, வாகனம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த மூன்றில் பாதி கரைந்துவிடும்.

ஆகவே வானை வீடாக்கிப் பாறை தேடித் திரிவது பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளப்படும் விஷயங்களில் இந்தக் கரைக்குப் பொருந்தும் கேள்வி ஒன்றுதான். நல்ல நித்திரை கொண்ட உடம்போடு, ஐந்தரைக்கு, பாறையடியில் இந்த வாகனம் என்னை இறக்கிவிடுமா? கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் அதற்குப் பிறகு.

நான் ஓட்டியும் படுத்தும் பார்த்தது டொயோட்டா ஹயஸ் எல்எச் 113. இலங்கையில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. டொல்பின் என்றால்தான் தெரியும். 1989இல் ஜப்பானில் வெளிவந்து, 2004இல் அடுத்த தலைமுறை வரும்வரை ஓடிய உடலமைப்பு. உள்ளே 3எல் எஞ்சின்: 2.8 லீற்றர் டீசல், டர்போ இல்லை, கணினி இல்லை. பள்ளிக்கூட வானாக, கலியாண வீட்டு வானாக, கதிர்காம யாத்திரை வானாக நாடு முழுக்க ஓடித் தேய்ந்த வாகனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் பாவித்த வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், கால் நூற்றாண்டு வயதான டொல்பினும் பெறுமதியான சொத்தாகிவிட்டது. வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்களை எனக்கே தெரியும்.

பிறகு வந்த கேடிஎச் வான்கள் ஓட்டத்தில் சொகுசு, இழுவையிலும் மேல். இருந்தும் ஊர் ஊராய்ப் போய்க் காட்டோரத்தில் நிறுத்திப் படுக்கப் பழையதே தோது என்பது என் எண்ணம். டொல்பினின் எரிபொருள் பம்பி முழுக்க இயந்திர வேலை. குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ நின்றுவிட்டால், பக்கத்துக் கராஜில் கை கறுத்த ஒருவர் சாவிக் கட்டோடு வந்து பார்ப்பார். கணினி பூட்டிப் பழுது பார்க்கும் கருவியைத் தேடிப் பட்டணம் போகத் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: வெப்பமானி முள்ளில் கண் இருக்கவேண்டும். கொதிக்க விட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கிற சாதி இது.

இனிக் காற்று. இந்த விமர்சனத்தின் முக்கால் பங்கு அதுதான்.

வானில் வாழ்வதற்கான கையேடுகள், காணொளிகள் பெரும்பாலும் குளிர் தேசத்தில் பிறந்தவை. கயிறில்லாமல் எல் கெப்பிட்டான் பாறையை 2017 ஜூனில் ஏறிய அலெக்ஸ் ஹொனோல்ட் பல வருடம் ஒரு போர்ட் ஈகோனோலைன் வானுக்குள் வாழ்ந்தவர். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு வான் வாங்கியவர்கள் எல்லாக் கண்டத்திலும் உண்டு. அந்த வழிமுறை என்ன சொல்கிறது? சுவர் முழுக்கப் பஞ்சு அடை, இடுக்கெல்லாம் மூடு, ஜன்னல் இல்லாத பெனல் வான் வாங்கு, சூடேற்றி பூட்டு. கலிபோர்னியா மலையில் இரவு உறைகிறபோது அது சரி. நிலாவெளியில் அப்படி ஒரு வானைச் செய்தால் பாண் போறணையில் படுத்தது மாதிரித்தான்.

இங்கே செய்ய வேண்டியது நேர் எதிர். கூரைக்கு மட்டும் தடுப்புப் போடலாம், வெயில் நேரே அடிப்பது அங்கேதான். மற்றபடி திறக்கக்கூடிய ஜன்னல் எத்தனை உண்டோ அத்தனையும் வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கிய டொல்பினில் இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கும் கண்ணாடிகள் இருக்கும். பெனல் வானில் வெறும் தகரம். நான் பார்த்தது ஹை ரூஃப். நிமிர்ந்து உட்காரலாம், குனிந்து உடுப்பு மாற்றலாம், சூடான காற்று தலைக்கு மேலே போய் நிற்கவும் இடமுண்டு. கூரையில் சின்ன விசிறி ஒன்று வைத்து அந்தச் சூட்டை வெளியே தள்ளினால், ஜன்னல் வழியே கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். ஜன்னலுக்கு நுளம்பு வலை கட்டாயம். அதை வெளிப்பக்கம் காந்தத்தால் ஒட்டினால் கண்ணாடியை உள்ளிருந்தே இழுக்கலாம்.

மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, மலையின் இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வரும். பாறை ஏறுபவருக்கு அதில் லாபமும் உண்டு: ஈரம் குறைந்தால் விரல் பிடிக்கும். நித்திரைக்குத்தான் வில்லங்கம். காற்று கடலிலிருந்து வரும் என்று நம்பி, கதவைக் கடல் பக்கம் பார்க்க விட்டுப் படுத்தால் இரவு முழுக்க வேர்த்து ஊற்றும். கச்சான் வருவது தரைப் பக்கமிருந்து. டொல்பினின் இழுவைக் கதவு இடப்பக்கம் இருப்பதால், மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினால் கதவு மேற்கைப் பார்க்கும். புல்மோட்டை வீதியில் வடக்கே போகிற போக்கில் ஓரம் கட்டினாலே அந்த நிலை தானாக அமையும். கச்சான் ஓய்ந்த மாதங்களில் மூக்கைத் தெற்கே திருப்பிவிட வேண்டும். எந்த உபகரணமும் தராத ஆறுதலை இந்தத் திருப்பல் தந்தது.

எஞ்சின் முன் சீற்றுகளுக்கு அடியில் இருப்பது இந்த வகை வான்களின் பிறவிக்குணம். கந்தளாயிலிருந்து ஓடி வந்து நிறுத்தினால், தகரமும் எண்ணெயும் ஆறும் வரை சூடு உள்ளேதான் எழும்பும். அதனால் தலைமாடு பின்பக்கம், கால்மாடு முன்பக்கம். சமையல், குளிப்பு எல்லாவற்றையும் வந்து நிறுத்திய முதல் மணித்தியாலத்தில் வெளியே முடித்துவிட்டால், படுக்கும் நேரம் முன்பக்கம் ஆறிப்போயிருக்கும். முன் சீற்றோடு இன்னொரு வரிசையையும் விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் கழற்றிப் பூட்டும் பலகைக் கட்டில் போட்டிருக்கிறது. ஆறடி ஆளுக்கு மட்டுமட்டு. அதற்கு மேல் வளர்ந்தவர் மூலைக்கு மூலை படுக்கட்டும்.

பாறை எங்கே என்று கேட்பீர்கள். திருகோணமலைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது கோணமலைதான். கடலிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறை. அதைக் கண்டால் ஏறுகிறவருக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும். அது கோணேசரின் இடம், இராவணன் வெட்டுக்கு முன்னால் மக்கள் கும்பிடுகிற இடம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைச் சுவருக்குள்ளும் கடலுக்குள்ளும் போயின, ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் 1956இல் அந்தப் பாறையடியில் சுழியோடித்தான் கோயிலின் எச்சங்களைக் கண்டார். அங்கே கயிறு கட்டுவது பற்றி யோசிக்கவே தேவையில்லை. துறைமுகத்தைச் சுற்றிய மேடுகளில் நல்ல பங்கு கடற்படையிடமும் விமானப்படையிடமும் இருக்கிறது. வடக்கே கரையோரக் குன்றுகள் சிலவற்றில் பழைய விகாரை எச்சங்களும் கல்வெட்டுகளும் உண்டு. அவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் காவலில் இருப்பவை, கைவைத்தால் வழக்கு.

எஞ்சுவது கரையோரத்தில் உருண்டு கிடக்கும் கற்குவியல்கள். இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம். கயிறு வேண்டாம், கீழே மெத்தை போட்டு ஏறுகிற வகை. இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மீன்பிடிக்காரர் வலை காயப்போடும் இடம் அது, அவர்களுக்கு இடைஞ்சல் சேரக்கூடாது. இந்தக் கடலோரப் பாறைகளில் ஆணி அடித்துக் கயிற்று வழி போடலாமே என்று வெளிநாட்டு நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன், சட்டத்துக்காக மட்டுமல்ல. வெப்பக் கடலோரத்தில் துருப்பிடிக்காத உருக்கு என்று விற்கப்படும் போல்ட்டுகள் கூட, வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளுக்குள் கீறல் விட்டு முறியும். தாய்லாந்தின் ரைலே கரையில் அதைப் பட்டறிந்த பிறகுதான் டைட்டேனியத்துக்கு மாறினார்கள். அதன் விலைக்கு இங்கே யார் காசு போடுவது?

ஏறும் மெத்தையையே கட்டில் மெத்தையாக்கினால் இடம் மிச்சம் என்று வான்வாசிகள் சொல்வார்கள். செய்து பார்த்தாயிற்று. மேல்தட்டுக் கடினமான ஃபோம் முதுகுக்குப் பிடிக்கவில்லை, மணல் எந்நேரமும் கூடப் படுத்தது. இரவிரவாக ஆள் அழுத்திய இடத்தில் ஃபோம் தளர்ந்தால், விழும்போது தாங்க வேண்டியது தாங்காது. மெத்தை கூரை ரக்கில் கட்டித்தான் வரவேண்டும்.

மின்சாரக் கணக்கை வாங்குமுன்னே போட்டுவிடுவது நல்லது. நூறு அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஏறக்குறைய 1,280 வாட் மணி வைத்திருக்கும். முப்பது வாட் விசிறி எட்டு மணித்தியாலம் ஓடினால் 240. கைபேசி, விளக்கு எல்லாம் சில்லறை. கூரையிலுள்ள நூறு வாட் சூரியத் தகடு கச்சான் வெயிலில் அதைத் தாராளமாக நிரப்பும். இதற்குள் பன்னிரண்டு வோல்ட் குளிர்பெட்டி ஒன்றையும் சேர்த்தால் கணக்கு உடைந்துவிடும். இந்தச் சூட்டில் அதன் அமுக்கி ஓயாமல் ஓடி விசிறியின் பங்கையும் தின்னும். குளிர்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு றெஜிபோம் பெட்டி ஒன்றை ஏற்றினேன். மீன்வாடிகளில் உடைத்த ஐஸ் கிடைக்கும். முதல் நாள் தயிரில் லேசாகச் சூடை மீன் வாசம் அடித்தது உண்மை. கட்டியைக் கழுவிப் போட்டால் சரி.

சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர், வெளியே தரையில் வைத்து. 2021 கடைசியில் வீடு வீடாகக் காஸ் அடுப்புகள் வெடித்ததை இந்த நாட்டில் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். மூடிய வானுக்குள் அடுப்பு மூட்டும் துணிச்சல் எனக்கில்லை. பட்டணத்துக்குள், கோட்டைப் பக்கம் நிறுத்திச் சமைத்தால் புள்ளிமான்கள் விருந்துக்கு வரும். உரிமையோடு தலை நீட்டும். சொப்பிங் பையை வெளியே விட்டுவைக்காதீர்கள், அதையும் தின்றுவிடும்.

உப்பு எல்லாவற்றையும் தின்கிறது. கரபினர் கொளுவியின் வாய் இறுகும். நாளுக்கொரு தரம் நல்ல தண்ணியில் அலசினால்தான் திறந்து மூடும். வானில் துரு தொடங்கும் இடங்கள் மூன்று: கூரையோரத் தண்ணிப் பீலி, பின் சில்லுக்கு மேலுள்ள வளைவு, இழுவைக் கதவின் கீழ்த் தண்டவாளம். மூன்றாவதில் மணலும் சேர்வதால் கதவு அலறும். இந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தும் வித்தை ஒருவருக்கும் தெரியாது. ஐந்து மணிக்கு இழுத்தால் வாடி முழுக்க எழும்பும். அவர்கள் அதற்கு முன்பே எழும்பி வள்ளம் தள்ளிக்கொண்டு நிற்பதால் பிழைத்தேன். முதல் விடியலில் ஒரு பெரியவர் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையோ? வானுக்க கிடக்கிறியள்." கல்லில் ஏற வந்தேன் என்றேன். "அதுக்கு மேல என்ன கிடக்கு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வானுக்குக் காவல் அவர்தான்.

கயிறு போட்டு ஏற மலைநாட்டுக்குப் போக நினைத்தால், கண்டி ஏறக்குறைய 180 கிலோமீற்றர். ஹபரணை வரை வீதி தட்டை, டொல்பின் சுகமாகப் போகும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் வாக்கில் கொடுக்கும். மாத்தளை தாண்டினதும் மூன்றாம் கியரும் பொறுமையும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழி விட்டுவிடுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டோரமாக நிறுத்திப் படுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். யானை கடக்கும் வீதி அது, வானுக்குள் வாழைக்குலை இருந்தால் தகரம் அதற்கு ஒரு தடையல்ல.

தனி ஆளுக்கு, அல்லது ஒத்துப்போகும் இரண்டு பேருக்கு, கச்சான் காலத்தில் ஏறுகிறவர்களுக்கு, இந்த வானைச் சொல்வேன். குடும்பத்தோடு போகிறவர் அறை எடுப்பதே நல்லது. ஒக்டோபர் கடைசியில் வாடை மழை பிடித்தால் பாறையும் வழுக்கும், ஜன்னல் மூடிய வானுக்குள் இருக்கவும் முடியாது; அப்போது வானைக் கூரைக்குக் கீழே விட்டுவிட வேண்டும். வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கவேண்டாம், அது எப்படியும் ஓடும். ஒரு வாளித் தண்ணியைக் கூரைப் பீலியில் ஊற்றிவிட்டு, உள்ளே போய்த் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கட்டும். தூக்கவிடாத ஆளிடம் விலை பேசத் தேவையில்லை.